பொலிகுதிரையும் பருவகாலமும்: ஹார்மோன் முதல் கருத்தரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

டிசம்பரிலோ ஜனவரியிலோ ஒரு பொலிகுதிரையின் (இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண் குதிரையின்) விந்தைச் சோதித்துவிட்டு, "எண்ணிக்கை பாதிதான் இருக்கிறது, இது தேறாது" என்று முடிவு கட்டிவிடுவது குதிரை வளர்ப்பில் நடக்கும் பெரிய அநியாயம். அந்தப் பயத்தில் தேவையே இல்லாத ஹார்மோன் ஊசி போடப்படுகிறது. அந்த ஊசியே குதிரையின் கருவளத்தைக் கெடுத்துவிடுவதும் உண்டு. வட அமெரிக்கா, ஐரோப்பா போன்ற குளிர்நாடுகளில், கோடைக்கால உச்சத்தோடு ஒப்பிட்டால் குளிர்காலத்தில் பொலிகுதிரையின் விந்தணு எண்ணிக்கை சுமார் பாதியாகக் குறைவது இயல்பு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பி.டபிள்யூ. பிக்கெட்டின் ஆய்வுக் குழு ஆண்டு முழுவதும் விந்து சேகரித்து இதை நிறுவியது.

குதிரையை மாதத்தோடு சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். இன்று கையில் கிடைக்கும் விந்து, இரண்டு மாதத்துக்கு முந்தைய குதிரையின் கதையைச் சொல்கிறது. இந்த இரண்டும் மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் படிகள் தாமாகவே புரியும். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் மாதங்கள் வடகோளத்துக்கானவை.

பகல் நீளம் விதைக்கு (விந்தகத்துக்கு) எப்படித் தெரிகிறது

குதிரை பகல் நீளும்போது இனம் பெருக்கும் விலங்கு. பெட்டை ஏறக்குறைய 340 நாள் சினை சுமக்கிறது. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் இணைசேர்ந்தால், மறு ஆண்டு புல் தழைக்கும் நேரத்தில் குட்டி விழும். குளிர்நாட்டுச் செம்மறியாடு இதற்கு நேர்மாறு. அதன் சினைக்காலம் 5 மாதம்தான் என்பதால் பகல் குறையத் தொடங்கும்போது அது பருவத்துக்கு வருகிறது. வழி வேறானாலும், தீனி கிடைக்கும் காலத்தில் குட்டி பிறக்க வேண்டும் என்ற தேவை இரண்டுக்கும் ஒன்றே.

விழித்திரையில் படும் வெளிச்சம் மூளையின் உள்கடிகாரத்துக்குப் போகிறது. அங்கிருந்து நரம்பு வழியாகப் பினியல் சுரப்பிக்குச் செய்தி போகிறது. பினியல், மெலடோனின் என்ற ஹார்மோனை இருட்டில்தான் சுரக்கும். வெளிச்சம் பட்டால் நிறுத்திவிடும். இரவு நீண்டால் மெலடோனின் ரத்தத்தில் இருக்கும் நேரமும் நீளும். குதிரையில் அந்த நீண்ட மெலடோனின், மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸின் வேகத்தைக் குறைக்கிறது. ஹைப்போதலாமஸிலிருந்து துடிப்புத் துடிப்பாக வெளிவரும் ஜி.என்.ஆர்.ஹெச். ஹார்மோன் குளிர்காலத்தில் தளர்ந்து, பகல் நீள நீள மறுபடி விறுவிறுப்பாகிறது.

பெட்டையிலும் இதே சங்கிலிதான் என்றாலும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குளிர்காலத்தில் பெரும்பாலான பெட்டைகளுக்குக் கருமுட்டை வெளிப்படுவதே நின்றுவிடும். பொலிகுதிரைக்கு அப்படி முழு நிறுத்தம் இல்லை. விந்தணு குறைகிறது, விதை சற்றுச் சுருங்குகிறது, ஆர்வம் தணிகிறது. ஆனால் டிசம்பரிலும் அதனால் ஒரு பெட்டையைச் சினையாக்க முடியும். குறைவது எண்ணிக்கை. ஒவ்வொரு விந்தணுவின் ஓட்டமும் வடிவமும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. குளிர்கால அறிக்கையைப் படிக்கும்போது இந்த வேறுபாடுதான் பெரிதும் கைகொடுக்கும்.

எந்த ஹார்மோன் என்ன செய்கிறது

ஜி.என்.ஆர்.ஹெச். துடிப்பு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டியதும் அது எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.ஹெச். விதைக்குள் இருக்கும் லேடிக் செல்களிடம் போய் டெஸ்டோஸ்டிரோன் செய்ய வைக்கிறது. எஃப்.எஸ்.ஹெச். செர்டோலி செல்களைத் தாங்குகிறது. வளரும் விந்தணுக்களுக்கு ஊட்டம் கொடுத்து வளர்ப்பவை இந்தச் செர்டோலி செல்கள்தாம். ஒரு செர்டோலி செல்லால் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விந்தணுக்களைத் தாங்க முடியாது.

இங்கே குதிரைக்கே உரிய ஒரு வியப்பு இருக்கிறது. பெரும்பாலான பாலூட்டிகளில் செர்டோலி செல்களின் எண்ணிக்கை பருவமடைந்தபின் நிலைத்துவிடும் என்றுதான் பாடம். ஆனால் முதிர்ந்த பொலிகுதிரையின் விதையில் அவற்றின் எண்ணிக்கை இனப்பெருக்கக் காலத்தில் கூடி, குளிர்காலத்தில் குறைவதை டெக்சாஸில் லாரி ஜான்சன் என்ற ஆய்வாளர் திசு ஆய்வுகளில் கண்டார். லேடிக் செல்களும் பருவத்தோடு ஏறி இறங்குகின்றன. எனவே கோடையில் விதை பெரிதாவது வெறும் ரத்த ஓட்டத்தால் வரும் பெருக்கம் என்று நினைக்க வேண்டாம். விந்தணு செய்யும் இடமே அப்போது பெரிதாகிறது.

இரண்டாவது வியப்பு ஈஸ்ட்ரோஜன். பெண் ஹார்மோன் என்று நாம் பழகிய இதைப் பொலிகுதிரையின் விதை ஏராளமாகச் சுரக்கிறது. ஆண் குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் பெருமளவில் வெளியேறுவதை 1934-இல் பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற ஆய்வாளர் அறிவித்தபோது அறிவியல் உலகம் திகைத்தது. விதையெடுத்த குதிரையில் இந்த அளவு சரிந்துவிடுகிறது. அதனால் ரத்தத்தில் உள்ள ஈஸ்ட்ரோஜனின் அளவு, விதைத் திசு உயிர்ப்போடு இருக்கிறதா என்று காட்டும் நல்ல அடையாளம். ரத்தப் பரிசோதனைப் பகுதியில் இதற்கு வருவோம். செர்டோலி செல்கள் சுரக்கும் இன்ஹிபின், பிட்யூட்டரியின் எஃப்.எஸ்.ஹெச். மிகாமல் கட்டுப்படுத்துகிறது.

புரோலாக்டின் என்ற ஹார்மோனும் நீள்பகலில் உயர்கிறது. குளிர்கால ரோமம் உதிர்வது அதோடு தொடர்புடையது. ரோமம் கொத்துக்கொத்தாக உதிரத் தொடங்கினால், "பகல் நீள்கிறது" என்ற செய்தி அந்தக் குதிரையின் மூளையை எட்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். செலவே இல்லாத சோதனை இது.

படி 1: நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

விதையில் ஒரு விந்தணு தொடக்கம் முதல் முழு வடிவம் பெறும்வரை சுமார் 57 நாள் ஆகிறது. அதன்பின் விதையை ஒட்டிய நீண்ட சுருள்குழலான எபிடிடிமிஸில் முதிர்ந்து நகர ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். மொத்தம் 65 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வடகோளத்தில் தரோபிரெட் பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஜனவரி 1 பிறந்தநாளாகக் கணக்கிடப்படுகிறது. டிசம்பர் கடைசியில் பிறந்த குட்டி சில நாளிலேயே ஒரு வயதுக் குதிரையாகப் பதிவாகிவிடும் என்பதால், இணைசேர்ப்பைப் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறார்கள். பிப்ரவரி 15-இலிருந்து 65 நாள் பின்னால் போனால் டிசம்பர் 12 வருகிறது. ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய நாள்கள் அவை. பருவத்தின் முதல் பெட்டைக்குப் போகும் விந்தணுக்கள் விதையில் உருவாகத் தொடங்கியது ஏறத்தாழ ஆண்டின் இருண்ட வாரத்தில். இயற்கை இந்த விலங்குக்கு வகுத்த காலம் ஒன்று, பந்தய நாள்காட்டி கேட்கும் காலம் இன்னொன்று. பருவத் தொடக்கச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியிலிருந்து வருகிறது.

தென்கோளத்திலும் இதே நெருக்கடிதான். ஆஸ்திரேலியாவில் பிறந்தநாள் ஆகஸ்ட் 1, இணைசேர்ப்புப் பருவம் செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. 65 நாள் பின்னால் எண்ணினால் ஜூன் 28. அங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும்.

உங்கள் குதிரை முதல் பெட்டையைச் சேரும் தேதியை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். அதிலிருந்து 65 நாள் பின்னால் இன்னொரு வட்டம். அந்த இரண்டாவது வட்டத்துக்கு முன்பே தீனி, வெளிச்சம், உடல்நலம் எல்லாம் ஒழுங்காகியிருக்க வேண்டும். பிப்ரவரியில் பதறிக் கொடுக்கும் எதுவும் ஏப்ரல் கடைசிக்கு முன் விந்தில் முழுதாகத் தெரியாது.

படி 2: விதையை அளந்து எழுதி வையுங்கள்

ஒரு குதிரை நாளொன்றுக்கு எவ்வளவு விந்தணு தரும் என்பதை ஊகிக்க, விதையின் அளவைப் போல எளிய வழி வேறில்லை. முதிர்ந்த குதிரையில் இரு விதைகளையும் விதைப்பையின் அடிக்கு மெல்ல இறக்கிப் பிடித்து, குறுக்கே காலிப்பர் வைத்து மொத்த அகலத்தை எடுப்பார்கள். 8 செ.மீ.க்குக் குறைந்தால் இனப்பெருக்கத்துக்கு ஏற்றதென்று சான்று கிடைப்பது கடினம். பெரும்பாலான முதிர்ந்த குதிரைகள் 9.5 செ.மீ.க்கு மேல் இருக்கும்.

அல்ட்ராசவுண்ட் இருந்தால் இன்னும் துல்லியம். ஒவ்வொரு விதையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் எடுத்துப் பெருக்கி, அதை 0.5233 ஆல் பெருக்கினால் கன அளவு வரும். இரு விதைகளின் கன அளவையும் கூட்டி, 0.024 ஆல் பெருக்கி, 0.76-ஐக் கழித்தால், அந்தக் குதிரை ஒரு நாளில் தரவேண்டிய விந்தணு எண்ணிக்கை நூறு கோடிக் கணக்கில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, விதை ஒவ்வொன்றும் 9.5 × 5.5 × 5.5 செ.மீ. என்றால் கன அளவு சுமார் 150 கன செ.மீ.; இரண்டும் சேர்ந்து 300. கணக்குப்படி நாளுக்கு ஏறத்தாழ 6.4, அதாவது 640 கோடி விந்தணு. குதிரை நிஜமாகத் தருவது இதற்கு அருகில் இருந்தால் விதை தன் அளவுக்கு உழைக்கிறது என்று பொருள். குளிர்காலத்தில் விதை சுருங்கி, அதற்கேற்ப எண்ணிக்கையும் குறைந்தால் அது பருவத்தின் வேலை. விதை பெரிதாகவே இருந்தும் எண்ணிக்கை மட்டும் பாதியாக இருந்தால்தான் விசாரணை தேவை.

மாதம் ஒரு முறை, முடிந்தால் ஒரே ஆள், ஒரே கருவியால் அளக்கட்டும். கை மாறினால் அளவும் மாறும். விதையின் இறுக்கத்தையும் கையால் உணர்ந்து குறியுங்கள். பருவத்தால் சுருங்கிய விதை வசந்தத்தில் மீளும். வயதாலோ நோயாலோ சிதையும் விதை மென்மையாகிக்கொண்டே போகும், மே மாதம் வந்தாலும் மீளாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரு நாள் சோதனை இல்லை, ஓராண்டுக் குறிப்பேடு. பொலிகுதிரை வைத்திருக்கும் எவரிடமும் நான் முதலில் கேட்பது அந்த ஏட்டைத்தான்.

படி 3: தேங்கியதை வெளியேற்றிவிட்டுச் சோதியுங்கள்

குளிர்காலம் முழுவதும் ஓய்விலிருந்த குதிரையின் முதல் விந்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வெகுநாள் இறைக்காத கிணற்றில் முதலில் வரும் தண்ணீர் போன்றது அது. சில குதிரைகளில் பழைய விந்தணுக்கள் குழலின் முனையிலும் விந்துக்குழாயின் தடித்த பகுதியிலும் அடைத்துத் தேங்கிவிடும். அப்படிப்பட்ட குதிரையின் முதல் விந்தில் எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கும். ஆனால் விந்தணுக்கள் தலை துண்டிக்கப்பட்டும் அசைவின்றியும் கிடக்கும். அடைப்பு முழுமையாக இருந்தால் விந்தணுவே இல்லாமலும் வரலாம். தொடர்ந்து சில நாள் சேகரித்தபின் அதே குதிரை நல்ல விந்து தருவதைப் பார்க்கலாம்.

தகுதிச் சான்றுக்கான வழக்கமான முறை இது: ஒரு வாரம் ஓய்வு கொடுத்து, ஒரு மணி நேர இடைவெளியில் இருமுறை விந்து சேகரிக்கிறார்கள். இரண்டாவது விந்தில் இயல்பான வடிவமும் முன்னோக்கிய ஓட்டமும் உள்ள விந்தணுக்கள் குறைந்தது 100 கோடி இருக்க வேண்டும். எந்த மாதமானாலும் அளவுகோல் இதுதான்.

உண்மையான தினசரி உற்பத்தியை அறிய வேண்டுமானால் நாள்தோறும் ஒரு முறையென ஒரு வாரம் சேகரியுங்கள். முதல் சில நாளில் சேமிப்பு தீர்ந்துவிடும். கடைசி இரண்டு மூன்று நாள்களின் சராசரிதான் நாள் உற்பத்தி. அதைப் படி 2-இல் கணக்கிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள்.

படி 4: அறிக்கையில் மாதத்தையும் படியுங்கள்

ஜனவரி அறிக்கையில் எண்ணிக்கை குறைவு, ஓட்டம் சரி, வடிவம் சரி என்றால் கவலைப்பட வேண்டாம். மே மாதத்தில் மறுபடி எடுங்கள். விந்தோடு வரும் பசை போன்ற ஜெல் குறைவாக இருப்பதும் குளிர்கால இயல்பே. பகல் நீளும்போது ஜெல்லும் மொத்த அளவும் பெருகும். ஜெல்லை நீக்கிவிட்டுத்தான் எண்ண வேண்டும். கோடையில் திரவம் கூடுவதால் ஒரு மில்லிலிட்டரில் உள்ள அடர்த்தி குறைவாகத் தெரியும். அடர்த்தியை மட்டும் பார்த்து "கோடையில் விந்து நீர்த்துவிட்டது" என்று சொல்பவர்கள் மொத்த எண்ணிக்கையைக் கணக்கிடுவதில்லை.

எந்த மாதத்திலானாலும் ஓட்டமும் வடிவமும் மோசமாக இருந்தால், பருவத்தின் மேல் பழி போடாதீர்கள். கடந்த 65 நாளில் காய்ச்சல், அடி, வெப்பம், மருந்து ஏதாவது உண்டா என்று தேடுங்கள்.

நடத்தையும் இந்த அறிக்கையின் ஒரு பகுதிதான். குளிர்காலத்தில் குதிரை தயாராக அதிக நேரம் எடுக்கும், ஒரு முறை விந்து வெளிப்பட அதிகத் தடவை ஏற வேண்டியிருக்கும். அப்போது அதட்டுவதும் அடிப்பதும் மிக மோசமான வைத்தியம். இளங்குதிரையில் அந்த அச்சம் கோடையிலும் நீடிக்கலாம். பொறுமையான ஆள், நன்கு பருவத்திலிருக்கும் பெட்டை, வழுக்காத தரை, இவை போதும்.

படி 5: ரத்தப் பரிசோதனையை எப்போது, எப்படி

டெஸ்டோஸ்டிரோன் துடிப்பாகச் சுரப்பது. ஒரே நாளிலேயே மணிக்கு மணி ஏறி இறங்கும். ஒரே ஒரு மாதிரியில் குறைந்த அளவு வந்தால், துடிப்புகளுக்கு இடையில் ஊசி குத்தப்பட்டது என்பதைத் தவிர வேறெதுவும் அதற்குப் பொருளில்லாமல் போகலாம். சில மணி நேர இடைவெளியில் பல மாதிரிகள் எடுக்கச் சொல்லுங்கள். அல்லது மருத்துவர் ஜி.என்.ஆர்.ஹெச். அல்லது ஹெச்.சி.ஜி. (எல்.ஹெச். போலவே விதையைத் தூண்டும் ஹார்மோன்) கொடுத்து, பிட்யூட்டரியும் விதையும் எப்படிப் பதில் சொல்கின்றன என்று பார்க்கட்டும். குளிர்காலத்தில் அடிப்படை அளவு தாழ்ந்திருந்தாலும், தூண்டும்போது நன்றாக உயர்ந்தால் அந்தச் சங்கிலி அறுபடவில்லை.

மீளாத சிதைவு தொடங்கும்போது மாற்றம் ஒரு வரிசையில் வரும். முதலில் இன்ஹிபினும் ஈஸ்ட்ரோஜனும் குறைகின்றன. கட்டுப்பாடு தளர்வதால் எஃப்.எஸ்.ஹெச். உயர்கிறது. எல்.ஹெச். பின்னால் உயரும். டெஸ்டோஸ்டிரோன் வெகு காலம் இயல்பாகவே இருந்து, கடைசியில்தான் வீழும். ஆகவே "டெஸ்டோஸ்டிரோன் நன்றாக இருக்கிறது, குதிரையும் துள்ளுகிறது" என்ற ஆறுதல் வயதான குதிரையில் நம்பத்தக்கதல்ல. ஆர்வம் வேறு, கருவளம் வேறு.

பருவத் தாழ்வில் எஃப்.எஸ்.ஹெச். தாழும், சிதைவில் உயரும். குளிர்காலத்தில் எடுத்த ரத்தத்தில் எஃப்.எஸ்.ஹெச். உயர்ந்தும் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்தும் இருந்தால், வசந்தத்துக்குக் காத்திருக்காமல் உடனே முழுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

படி 6: விளக்கு போடுவதா, வேண்டாமா

பெட்டைகளுக்குச் செயற்கை ஒளி கொடுத்து முன்கூட்டியே பருவத்துக்குக் கொண்டுவருவது பரவலான வழக்கம். மொத்தம் 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் நல்ல இருட்டு. டிசம்பர் 1 வாக்கில் தொடங்குவார்கள். லாயத்தின் எந்த மூலையில் நின்றாலும் செய்தித்தாள் படிக்க முடிகிற அளவு வெளிச்சம் போதும். கூடுதல் ஒளியைச் சூரியன் மறையும் நேரத்தோடு ஒட்டி மாலையில் கொடுங்கள். ஒரு கண்ணில் மட்டும் நீல ஒளி விழும்படி செய்த முகமூடிகளும் இப்போது கிடைக்கின்றன. மேய்ச்சல் வெளியில் இருக்கும் குதிரைக்கு அவை வசதி.

பொலிகுதிரைக்கும் இது வேலை செய்கிறது, ஆனால் ஒரு விலை உண்டு. 1980-களில் கொலராடோ ஆய்வகத்தில் குளிர்காலத்திலேயே 16 மணி நேர ஒளி பெற்ற பொலிகுதிரைகளின் விதை சீக்கிரமே வளர்ந்தது, ஹார்மோனும் விந்தணுவும் முன்கூட்டி உயர்ந்தன. ஆனால் சீக்கிரம் ஏறியவை சீக்கிரம் இறங்கின. இயற்கை ஒளியிலிருந்த குதிரைகள் உச்சத்தை எட்டும் நேரத்தில் இவை சரியத் தொடங்கியிருந்தன. நீள்பகலே தொடர்ந்தால் உடல் அதற்குப் பதில் சொல்வதை நிறுத்திவிடுகிறது; மறுபடி பதில் சொல்ல நடுவில் குறும்பகல் தேவைப்படுகிறது. ஆண்டு முழுதும் லாயத்தில் விளக்கை எரியவிட்டால் ஆண்டு முழுதும் கோடை கிடைக்கும் என்பது தவறான நம்பிக்கை.

என் கருத்து இது: பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பெட்டைகள் நிறைந்து, மே மாதத்தில் வேலை குறையும் குதிரைக்கு ஒளி பயன்தரும். ஜூன் வரை பெட்டைகள் வரும் குதிரைக்கு வேண்டாம். விந்தணு தாராளமாக உள்ள குதிரைக்கும் தேவையில்லை. அங்கே பெட்டைகளுக்கு மட்டும் ஒளி போட்டால் போதும். எண்ணிக்கை விளிம்பில் நிற்கும் குதிரைக்குத் தொடக்கத்தில் வரும் லாபத்தைவிடக் கடைசியில் வரும் நட்டம் வலிக்கும்.

படி 7: கெடுப்பதை முதலில் நிறுத்துங்கள்

விந்தைக் கூட்டும் மருந்து என்று விற்கப்படுபவற்றைவிட, விந்தைக் கெடுப்பதை நிறுத்துவது பல மடங்கு பலன் தரும். முதலிடம் ஸ்டீராய்டுகளுக்கு. பந்தயத்துக்காகவோ தசை ஏற்றவோ கொடுக்கும் அனபாலிக் ஸ்டீராய்டும், "ஆண்மை குறைந்துவிட்டது" என்று போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஒரே தீங்கைச் செய்கின்றன. ரத்தத்தில் ஆண் ஹார்மோன் மிகுந்திருப்பதைக் கண்ட மூளை எல்.ஹெச்.சைக் குறைக்கிறது, லேடிக் செல்கள் ஓய்கின்றன. விந்தணு வளர விதைக்குள்ளே, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். அதை வெளியிலிருந்து ஊசியால் ஈடுகட்ட முடியாது. குதிரை துள்ளும், விதை சுருங்கும். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வரும் குதிரையை வாங்கும்போது பழைய மருந்துப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். முரட்டுத்தனத்தை அடக்கக் கொடுக்கும் ஆல்ட்ரினோஜெஸ்டும் இதே சங்கிலியை அடக்குகிறது.

அடுத்தது வெப்பம். விதை உடல் வெப்பத்தைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு வளரும். அதிக காய்ச்சல், விதைப்பை வீக்கம், அடி, காற்றோட்டமில்லாத வண்டியில் நெடும்பயணம் எதுவானாலும் அப்போது வளர்ந்துகொண்டிருந்த தலைமுறை முழுவதும் அடிபடும். தெளிய இரண்டு மாதத்துக்கு மேலாகும். காய்ச்சல் வந்த தேதியை ஏட்டில் குறித்துவிட்டால் தெளியும் தேதியும் தெரிந்துவிடும்.

காய்ச்சலோடு விதைப்பையும் காலும் வீங்கினால் ஈக்வைன் வைரல் ஆர்ட்டரைட்டிஸ் நோய்க்குச் சோதியுங்கள். இந்த வைரஸ் பொலிகுதிரையின் துணைப் பாலுறுப்புகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி, விந்து வழியே பரவும். அது தங்குவதற்கே டெஸ்டோஸ்டிரோன் வேண்டும்; விதையெடுத்த குதிரையில் நிலைப்பதில்லை.

தீனியில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. விலா கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் கைக்குத் தட்டுப்படும் உடல்வாகு போதும். கொழுத்த குதிரையின் விதைப்பையிலும் கொழுப்பு சேர்ந்து வெப்பம் வெளியேறுவது தடைபடும்.

கூட்டாளிகளையும் கவனியுங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையத்தில் சூ மெக்டானல் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாகக் கவனித்த திறந்தவெளிக் குதிரைக் கூட்டத்தில், பெட்டைகளோடு வாழும் ஆண்களுக்கும் ஆண்களோடு மட்டும் திரியும் ஆண்களுக்கும் ஹார்மோனிலேயே வேறுபாடு உண்டு. பெட்டைகளோடு இருப்பவற்றின் டெஸ்டோஸ்டிரோன் உயர்வு. லாயத்தில் இன்னொரு மிரட்டும் பொலிகுதிரையின் எதிரில் கட்டப்பட்ட கூச்ச சுபாவக் குதிரையை, பெட்டைகள் கண்ணில் படும் இடத்துக்கு மாற்றிக் கட்டிப் பாருங்கள்.

படி 8: எத்தனை பெட்டைகளை ஏற்கலாம்

செயற்கைக் கருவூட்டலில் கணக்கு எளிது. உடனே செலுத்தும் விந்துக்கு ஒரு தவணைக்கு முன்னோக்கி ஓடும் விந்தணு 50 கோடி. 5 டிகிரியில் குளிரூட்டி அனுப்புவதற்கு, வழியில் இழப்பு உண்டென்பதால், 100 கோடி. நாளுக்கு 500 கோடி தரும் குதிரையில் 60 சதவீதம் நன்றாக ஓடுகிறது என்றால் நாளுக்கு 300 கோடி. ஒருநாள் விட்டு ஒருநாள் சேகரித்தால் ஒவ்வொரு முறையும் சுமார் 600 கோடி. புதிய விந்தாக 12 தவணை, குளிரூட்டியதாக 6. குளிர்காலத்தில் உற்பத்தி பாதியாகும்போது இது 6, 3 என்று ஆகும். மே மாதக் கணக்கில் பிப்ரவரிக்குப் பெட்டைகளை ஒப்புக்கொண்டவர்கள் மாட்டுவது இங்கேதான்.

தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டல் அனுமதி கிடையாது. நேரடிச் சேர்க்கையில் பிறந்த குட்டி மட்டுமே பதிவாகும். அங்கே சேமிப்பு தீராமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வேலை. பருவத் தொடக்கத்தில் ஒரு நாளில் சேர்க்கைகளைக் குறைத்து, பெட்டையின் கருமுட்டை வெளிப்படும் நேரத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்து ஒரே முறையில் முடித்தால், விளிம்பில் இருக்கும் குதிரையும் தாக்குப் பிடிக்கும்.

பருவம் முடிந்து எத்தனை பெட்டை சினையானது என்ற மொத்தக் கணக்கு ஏமாற்றும். நான்கு முறை சேர்த்துச் சினையானதும் அதில் வெற்றியாகவே பதிவாகும். முதல் சுற்றிலேயே சினையானவை எத்தனை என்று மாதவாரியாக எழுதுங்கள். பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையிலான வேறுபாட்டில் உங்கள் குதிரையின் பருவ வளைவு தெரியும். பெட்டைகளின் வயதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும், ஏனென்றால் பிப்ரவரியில் பெட்டைகளும் முழுப் பருவத்துக்கு வந்திருக்காது.

படி 9: உறைவிந்துக்குக் குளிர்காலம்

பருவத்தில் குதிரைக்கு ஓய்வில்லை. அதனால் ஐரோப்பியப் பொலிகுதிரை நிலையங்கள் பல, இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் விந்தை உறையவைத்துத் திரவ நைட்ரஜனில் சேமிக்கின்றன. எண்ணிக்கை குறைந்திருந்தாலும் தரம் பெரிதாகக் குறையாததால் இது நடைமுறையில் பலிக்கிறது. ஒரு தடவையில் கிடைக்கும் உறைவிந்துக் குழல்கள் (விந்தை நிரப்பி உறையவைக்கும் சிறு குழாய்கள்) குறைவாக இருக்கும், அவ்வளவுதான். உறைநிலையைத் தாங்குவது குதிரைக்குக் குதிரை பெரிதும் மாறுபடும். எனவே சில மாதிரிகளை உறையவைத்து, உருக்கி, ஓட்டத்தைப் பார்த்தபின்பே ஒப்பந்தம் போடுங்கள். பயண அட்டவணை நிறைந்த போட்டிக் குதிரைக்கும் இந்த மாதங்களே வசதி.

இந்தியாவில் இதை எப்படிப் பொருத்துவது

இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் டிசம்பர்ப் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு, ஜூனில் 16 மணி நேரத்துக்கு மேல். ராஜஸ்தானின் பிகானேரில் அது சுமார் பத்தரை மணிக்கும் 14 மணிக்கும் இடையில் ஏறி இறங்கும். சென்னையில் குறுகிய பகலுக்கும் நீண்ட பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. மேலே சொன்ன "பாதியாகக் குறையும்" கணக்கை அப்படியே தமிழ்நாட்டுக் குதிரைக்குப் பொருத்தக் கூடாது. ஒளியின் ஆட்சி இங்கே மெலிது. வெயிலும் புழுக்கமும் தீனியும் அதைவிட வலிது.

குளிர்நாட்டில் மே மாதம் விந்துக்கு உச்சம் என்றால், இங்கே ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே கட்டிய குதிரைக்கு அதுவே சோதனைக்காலமாகலாம். அந்த வெப்பத்தின் விளைவு ஜூன், ஜூலை விந்தில் தெரியும். ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். அங்கே வாங்கும் பொலிகுதிரையின் விந்தை ஆடியில் ஒருமுறை, புரட்டாசி கடைசியிலோ ஐப்பசியிலோ மறுமுறை சோதியுங்கள். இரண்டும் மோசமாக இருந்தால் மட்டுமே குதிரையைக் குறை சொல்லுங்கள்.

உயரமான கூரை, ஓலை நிழல், மின்விசிறி, அதிகாலைச் சேர்க்கை, எப்போதும் தண்ணீர், வியர்வையில் போகும் உப்புக்கு ஈடாக உப்புக்கட்டி: இங்கே விளக்குக்குச் செலவிடுவதை இவற்றில் செலவிடுவது நல்லது. மார்வாரி, கத்தியவாரி இனங்களின் விந்து சேகரிப்பு, உறைவிந்து பற்றி ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையமும் அதன் பிகானேர் வளாகமும் தொடர்ந்து பணியாற்றுகின்றன. வடநாட்டிலிருந்து பொலிகுதிரை வாங்கி வருபவர்கள் புறப்படும் முன்பே விதையின் அளவையும் விந்து அறிக்கையையும் தேதியோடு எழுதி வாங்கிவிடுங்கள். வந்து சேர்ந்ததும் ஒருமுறை அளவெடுத்து, பயண அலுப்பும் இடமாற்றமும் கடந்து 65 நாள் ஆனபின் மறுபடி அளவெடுத்து விந்தையும் சோதித்தால், அந்தக் குதிரைக்கு நம் வெயில் ஒத்துக்கொண்டதா என்பது தெரிந்துவிடும்.